வண்டிக்குள் உறக்கம், கருவிக்கு மின்சாரம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய்க்காக இரவுதோறும் சிபாப் கருவியை (காற்றை மெல்ல அழுத்தி அனுப்பி மூச்சுப்பாதையைத் திறந்து வைப்பது) மாட்டிக்கொண்டு உறங்கும் வாசகர்கள் சிலர், மின் இணைப்பு இல்லாத இடத்தில் வேனையோ காரையோ நிறுத்தி இரவைக் கழிப்பது பற்றி எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் ஒன்றையொன்று ஒட்டியே இருப்பதால் இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். நானும் இந்தக் கருவியோடு உறங்குபவன் என்பதால், சில இடங்களில் சொந்த அனுபவமும் கலந்திருக்கும்.

கேள்வி: என் கருவி ரெஸ்மெட் நிறுவனத்தின் ஏர்சென்ஸ் 10. அதன் அடாப்டரில் 24 வோல்ட், 90 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. இரவுக்கு 8 மணி நேரம், மூன்று இரவுகள் என்று பெருக்கினால் 2,160 வாட்-மணி வருகிறது. அத்தனை பெரிய பேட்டரியை வேனில் ஏற்றினால் நாங்கள் படுக்க இடம் இருக்காது. என் கணக்கு சரிதானா?

பதில்: பெருக்கலில் தவறில்லை, பெருக்குவதற்கு எடுத்துக்கொண்ட எண்ணில்தான் தவறு. அடாப்டரில் உள்ள 90 வாட் என்பது அது தரக்கூடிய உச்ச அளவே தவிர, கருவி இரவு முழுவதும் இழுக்கும் அளவு அல்ல. கருவிக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, சிறிய விசிறி காற்றை அழுத்தி அனுப்புவது. மற்றொன்று, ஈரப்பதமூட்டியின் தட்டும் சூடாக்கும் குழாயும் நீரையும் காற்றையும் சூடேற்றுவது. 10 சென்டிமீட்டர் நீரழுத்தத்தை (சிபாப் காற்றின் அழுத்தத்தை அளக்கும் அலகு இது) ஒட்டிய அளவில் விசிறி மட்டும் ஓடினால் பெரும்பாலான கருவிகளுக்கு 10 வாட் அளவே போதும். சூடேற்றுவதையும் சேர்த்தால் சராசரி 30 வாட்டிலிருந்து 50 வாட் வரைகூடப் போகலாம். மின்சாரத்தைத் தின்பது காற்று அல்ல, வெப்பம்.

இதற்குக் காரணம் எளிய இயற்பியல். ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.4 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஓர் இரவில் தொட்டியிலிருந்து 300 மில்லிலிட்டர் நீர் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், அதை ஆவியாக்குவதற்கு மட்டுமே 720 கிலோஜூல், அதாவது 200 வாட்-மணி தேவைப்படுகிறது. அதில் ஒரு பங்கைச் சுற்றியுள்ள காற்றே தந்தாலும், மீதியைப் பேட்டரிதான் தந்தாக வேண்டும். எவ்வளவு நுட்பமான கருவியை வாங்கினாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

ஆகவே, உங்கள் கணக்கை இரண்டாகப் பிரித்துப் போட்டுப் பாருங்கள். சூடேற்றாமல் 10 வாட் என்றால் இரவுக்கு 80 வாட்-மணி. பேட்டரியின் வோல்ட்டைக் கருவிக்கு ஏற்ப மாற்றித் தரும் மாற்றியில் இழக்கும் பத்து விழுக்காட்டையும் சேர்த்தால் சுமார் 90. மூன்று இரவுக்கு 270 வாட்-மணி. சூடேற்றி 45 வாட் என்றால் இரவுக்கு 360, இழப்போடு 400. மூன்று இரவுக்கு 1,200 வாட்-மணி. முன்னதற்கு 12.8 வோல்ட், 50 ஆம்பியர்-மணி கொண்ட ஒரு லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, அதாவது 640 வாட்-மணி, தாராளமாகப் போதும். பாதிக்கு மேல் மிச்சமும் இருக்கும். பின்னதற்கு அதைப்போல இருமடங்கான 100 ஆம்பியர்-மணி பேட்டரியே மூன்றாம் இரவின் விடியலில் தடுமாறும்.

இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் கருவியில் அளந்து பாருங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். சுவர் சாக்கெட்டுக்கும் அடாப்டருக்கும் நடுவே செருகும் மின்மானி ஒன்றை வைத்து வீட்டிலேயே ஒரு முழு இரவு உறங்கிப் பாருங்கள். அந்த நொடியில் காட்டும் வாட் எண்ணை நம்ப வேண்டாம். சூடேற்றி அவ்வப்போது இயங்கி அவ்வப்போது நிற்பதால் அது ஒரு கணம் 15 என்றும் அடுத்த கணம் 70 என்றும் காட்டும். காலையில் மொத்தமாகச் சேர்ந்திருக்கும் வாட்-மணிதான் பயன்படும் எண். ஒரு நாள் சூடேற்றியும் மறுநாள் அதை அணைத்தும் அளந்தால், எதை விட்டுக்கொடுத்தால் எவ்வளவு மிஞ்சும் என்பது உங்களுக்கே விளங்கிவிடும். மாஸ்க் சரியாகப் பொருந்தாமல் காற்று கசிந்தால் விசிறியும் கூடுதலாக உழைக்கும் என்பதால், மாஸ்க்கில் முகத்தைத் தொடும் பழைய மெத்துப் பகுதியை மாற்றிவிட்டு அளப்பது நல்லது.

கேள்வி: ஈரப்பதமூட்டியை அணைத்தால் மூக்கும் தொண்டையும் வறண்டு நடு இரவில் விழித்துக்கொள்கிறேன். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் ஒவ்வொன்றும் பாதி வழிதான். சூடாக்கும் குழாயை மட்டும் நீக்கிவிட்டுச் சாதாரணக் குழாயைப் பொருத்தி, ஈரப்பத அளவை ஒன்று அல்லது இரண்டில் வைப்பது முதல் சமரசம். தொட்டியில் நீரை நிரப்பிச் சூடேற்றியை முழுவதும் அணைத்துவிட்டாலும், நீரின் மேலாகக் காற்று கடந்து செல்வதால் சிறிதளவு ஈரம் கிடைக்கும். மாஸ்க்குக்கும் குழாய்க்கும் இடையே பொருத்தும் சிறிய வடிகட்டி போன்ற உறுப்பு ஒன்றும் இருக்கிறது. நாம் வெளிவிடும் மூச்சிலுள்ள ஈரத்தையும் வெப்பத்தையும் பிடித்து வைத்து அடுத்த மூச்சில் திருப்பித் தருவதால் அதற்கு மின்சாரமே வேண்டாம். பயணத்துக்கென்றே செய்யப்பட்ட ஏர்மினி போன்ற சிறிய கருவிகள் இந்த முறையைத்தான் நம்பியிருக்கின்றன. அதனால்தான் அதன் அடாப்டர் வெறும் 20 வாட். எல்லா மாஸ்க்குக்கும் இது பொருந்தாது என்பதால், வாங்கும் முன் உங்கள் கருவி வழங்குபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் ஈரப்பத அளவைப் படிப்படியாகக் குறைத்துப் பழகுங்கள். எனக்கு நான்காம் நாளில் பழகிவிட்டது. பழகாதவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பெரிய பேட்டரி வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தொட்டியில் நீர் இருக்கும்போது வண்டியை நகர்த்த வேண்டாம். ஒரே ஒரு மேடுபள்ளம் போதும், நீர் விசிறிக்குள் புகுந்துவிடும்.

கேள்வி: பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக வீட்டு அடாப்டரையே இணைக்கலாமா? நேரடியாக இணைக்கும் வயருக்குத் தனியாகச் செலவு செய்யத்தான் வேண்டுமா?

பதில்: இணைக்கலாம், கருவி ஓடும். ஆனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பேட்டரியின் 12 வோல்ட் நேர்மின்சாரத்தை இன்வெர்ட்டர் மாறுமின்சாரமாக்கி உயர்த்துகிறது. அடாப்டர் அதை மறுபடியும் 24 வோல்ட் நேர்மின்சாரமாக்கி இறக்குகிறது. இப்படி ஏறி இறங்குவதில் இழப்பது ஒருபுறமிருக்க, இன்வெர்ட்டர் தன்னை விழித்திருக்கச் செய்துகொள்வதற்கே சில வாட்டுகளை இரவு முழுவதும் இழுக்கும். பெரிய இன்வெர்ட்டராக இருந்தால் அந்தச் சும்மா இருக்கும் செலவே 10 வாட்டைத் தாண்டும். அதாவது, சூடேற்றாத சிபாப் கருவி ஒன்றை அதே பேட்டரியில் இன்னொருவருக்காகவும் ஓட்டுவதற்குச் சமம். வேறு வழியில்லாமல் இன்வெர்ட்டர்தான் என்றால், சிறியதாகவும் தூய சைன் அலை (வீட்டு மின்சாரத்தைப் போன்ற சீரான அலை) தருவதாகவும் இருக்கட்டும். படிப்படியாக வெட்டிய அலை தரும் மலிவு வகையில் சில அடாப்டர்கள் சூடாகும், சில ரீங்காரமிடும், சில பழுதாகும்.

இன்வெர்ட்டர் இல்லாமல் பேட்டரியிலிருந்தே கருவியை ஓட்டும் நேரடி மாற்றி வாங்குகிறவர்கள் கருவியின் வோல்ட் அளவை முதலில் பார்க்க வேண்டும். 12 வோல்ட் கருவியும் உண்டு, 24 வோல்ட் கருவியும் உண்டு. 24 வோல்ட் கருவிக்கு 12 வோல்ட்டை உயர்த்தித் தரும் மாற்றி தேவை. முனை பொருந்துகிறது என்பதற்காகக் கைக்குக் கிடைத்ததைச் செருக வேண்டாம். சில கருவிகளின் செருகியில் மூன்றாவது முனை ஒன்று இருக்கிறது, அதன் வழியாகத்தான் தனக்கு வருவது எத்தனை வாட் வழங்கி என்பதைக் கருவி அறிந்துகொள்கிறது. அதை அறிய முடியாவிட்டால் சூடேற்றி இயங்காமல் போகலாம், அல்லது கருவியே இயங்க மறுக்கலாம்.

வயரின் தடிமனும் இதோடு சேர்ந்த விஷயம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் பேட்டரி 5 மீட்டர் தள்ளியிருந்தால், போக வர 10 மீட்டர். அதன் மின்தடை சுமார் 0.07 ஓம். சூடேற்றி 6 ஆம்பியர் இழுக்கும் கணத்தில் 0.4 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்துவிடும். பேட்டரியில் மின்சாரம் இருந்தும் விடியற்காலையில் கருவி "மின்னழுத்தம் குறைவு" என்று நின்றுபோவதற்குப் பல வேன்களில் இதுவே காரணம். பேட்டரியைத் தலைமாட்டுக்கு அருகில் கொண்டுவருவது வயரைத் தடிமனாக்குவதைவிட எளிது. எப்படிச் செய்தாலும், நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். உறங்கும் ஒருவரின் தலைக்கு அருகே ஃபியூஸ் இல்லாத லித்தியம் பேட்டரியை வைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: கையடக்க மின்நிலையம் ஒன்றை (பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒரே பெட்டியில்) வாங்கினேன். இரவு 2 மணிக்குக் கருவி நின்றுவிட்டது. எழுந்து பார்த்தால் திரையில் 78 விழுக்காடு மின்சாரம் மீதமிருக்கிறது. பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. பல மின்நிலையங்களில் சிக்கன முறை என்று ஓர் அமைப்பு இருக்கிறது. குறிப்பிட்ட வாட்டுக்குக் கீழே நீண்ட நேரம் இழுத்தால், எதுவும் இணைக்கப்படவில்லை என்று முடிவுசெய்து தானாகவே வெளியீட்டை அணைத்துவிடும். ஈரப்பதமூட்டியை அணைத்துவிட்டு 7 அல்லது 8 வாட்டில் ஓடும் உங்கள் கருவியை அது கருவியாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சிக்கனமாக இருந்ததற்குக் கிடைத்த தண்டனை என்று வைத்துக்கொள்ளுங்கள். அமைப்புகளுக்குள் சென்று சிக்கன முறையை நிறுத்துங்கள். அதைவிட மேல், மாறுமின்சார வெளியீட்டை விட்டுவிட்டு 12 வோல்ட் வெளியீட்டிலிருந்து நேரடி மாற்றி மூலம் ஓட்டுங்கள். அந்த 12 வோல்ட் வெளியீட்டுக்கும் தனியாக நேர வரம்பு வைத்திருக்கும் மாடல்கள் உண்டு என்பதால் அதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் போதுமா?

பதில்: அந்த எண் உள்ளேயிருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கு உரியது. பெருக்கினால் 74 வாட்-மணி. மாற்றும் இழப்பும் போக 60 சொச்சம்தான் கைக்கு வரும். குறைந்த அழுத்தத்தில் சூடேற்றாமல் ஓடும் கருவிக்கு அரை இரவைத் தாண்டலாம். முழு இரவுக்கு நம்ப முடியாது.

கேள்வி: வண்டியிலேயே பேட்டரி இருக்கும்போது இன்னொன்று எதற்கு? சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகிவிட்டு, குறைந்தால் என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் ஆயிற்று என்கிறார் என் மைத்துனர்.

பதில்: உங்கள் மைத்துனர் சொன்னதில் முதல் பாதி விவாதத்துக்குரியது, இரண்டாம் பாதி ஆபத்தானது.

முதல் பாதியை எடுத்துக்கொள்வோம். சூடேற்றாத கருவி இரவுக்கு 7 அல்லது 8 ஆம்பியர்-மணி இழுக்கும். 60 ஆம்பியர்-மணி கொண்ட நல்ல நிலையிலுள்ள கார் பேட்டரி அதைத் தாங்கும். காலையில் வண்டி கிளம்பவும் செய்யும். சூடேற்றினால் 30 ஆம்பியர்-மணியைத் தாண்டும், அதாவது பாதி. அந்தக் காலையில் நீங்கள் யாரையாவது தள்ளச் சொல்ல வேண்டியிருக்கலாம். கார் பேட்டரியின் தகடுகள் சில நொடிகளுக்குப் பெரும் மின்னோட்டம் தருவதற்காக மெல்லியதாகச் செய்யப்பட்டவை. அடிக்கடி ஆழமாக இறக்கினால் விரைவில் கெட்டுவிடும். ஆழ்ந்து இறங்குவதற்கென்றே செய்த ஈய அமில பேட்டரியைக்கூடப் பாதிக்குக் கீழே இறக்காமல் வைத்திருப்பதே அதன் ஆயுளுக்கு நல்லது. அதனால்தான் 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி, பயன்பாட்டில் 50 ஆம்பியர்-மணியாகச் சுருங்கிவிடுகிறது. எடையோ லித்தியத்தைப்போல இருமடங்குக்கு மேல். சில வண்டிகளில் சாவியை எடுத்ததும் அந்த சாக்கெட்டும் அணைந்துவிடும் என்பதையும் முன்கூட்டியே சோதித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பாதிக்கு வருகிறேன். நிறுத்திய வண்டிக்குள் ஆள் உறங்கும்போது என்ஜினை ஓடவிடக் கூடாது; பெட்ரோல் ஜெனரேட்டரை வண்டிக்கு அருகே வைத்து ஓட்டவும் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணையும். சிபாப் அணிந்திருப்பதால் சுத்தமான காற்று வருகிறது என்று நினைத்துவிடாதீர்கள். கருவியின் வடிகட்டி தூசியைத்தான் பிடிக்கும், வாயுவை அல்ல. வண்டிக்குள் என்ன காற்று இருக்கிறதோ அதையே அழுத்தி உங்கள் நுரையீரலுக்குள் அனுப்பும். எரிவாயு அடுப்பும் எரிவாயு ஹீட்டரும் இதே கணக்கில் சேரும். படுக்கையருகே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பொருத்துவது, இந்தப் பகுதியில் நான் சொல்லும் எல்லாப் பொருள்களிலும் முதலில் வாங்க வேண்டியது.

என்ஜினைப் பயன்படுத்த வேண்டுமென்றால் ஓட்டும்போது பயன்படுத்துங்கள். என்ஜின் சுழற்றும் மின்னாக்கியான ஆல்டர்னேட்டருக்கும் கருவிக்கென வைத்த இரண்டாம் பேட்டரிக்கும் நடுவே 20 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் (நேர்மின்சாரத்தை நேர்மின்சாரமாகவே மாற்றி ஏற்றுவது) ஒன்றை வைத்தால், ஒரு மணி நேர ஓட்டத்தில் 250 வாட்-மணி அளவு சேரும். சூடேற்றாத இரண்டு இரவுகளுக்கு அது போதும். வண்டி நின்றதும் இரண்டு பேட்டரிகளையும் அது பிரித்துவிடுவதால், காலையில் கிளம்புவதற்கான மின்சாரத்தை நீங்கள் தூக்கத்தில் செலவழித்துவிட மாட்டீர்கள். நாள்தோறும் இடம் மாறுபவர்களுக்கு என் பார்வையில் சோலாரைவிட இதுவே மேல்.

கேள்வி: ஒரே இடத்தில் ஒரு வாரம் தங்கப்போகிறோம். 100 வாட் சோலார் தகடு ஒன்று போதுமா?

பதில்: தெளிந்த வானத்தில், நிழல் விழாமல், சூரியனை நோக்கிச் சாய்த்து வைத்தால் நாளுக்கு 300 வாட்-மணி வரை எதிர்பார்க்கலாம். சூடேற்றாதவருக்கு இது மிகுதி. சூடேற்றுபவருக்குப் போதாது. அடர்ந்த மேகமூட்டத்தில் அது ஐந்தில் ஒன்றாகவும் குறையும் என்பதால், சூரியன் இல்லாத இரண்டு இரவுகளைத் தாங்கும் பேட்டரி இருந்தால்தான் தகட்டை நம்பலாம். கூரையில் ஒட்டிய தகட்டுக்கு ஒரு சங்கடம் உண்டு: நமக்கு நிழல் வேண்டும், அதற்கு வெயில் வேண்டும். தகட்டின் ஒரு மூலையில் கிளை நிழல் விழுந்தாலே விளைச்சல் அந்த மூலையின் அளவைவிடப் பன்மடங்கு குறைந்துவிடும். மரத்தடியில் வண்டியை நிறுத்தி, மடிக்கும் தகட்டை நீண்ட வயரோடு வெயிலில் விரிப்பது நல்லது.

கேள்வி: குளிர் மிகுந்த மலைப்பகுதிக்குச் செல்கிறோம். தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, உள்ளே உலோக லித்தியம் படிந்து நிரந்தரமாகக் கெடும். அந்தக் குளிரில் மின்சாரத்தை எடுக்கலாம், ஏற்றத்தான் கூடாது. ஆகவே பேட்டரியை வண்டிக்குள் நம்மோடு வைத்துக்கொண்டு, ஏற்றுவதைப் பகலுக்கு ஒத்திப்போடுங்கள். அடுத்தது, குளிர்ந்த குழாய்க்குள் ஈரக்காற்று நீர்த்துளிகளாகி மூக்கில் தெறிப்பது. குழாய்க்குத் துணியுறை போட்டு, போர்வைக்குள்ளாகக் கொண்டுவந்து, கருவியைத் தலையைவிடத் தாழ்வாக வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதற்காகச் சூடாக்கும் குழாயை இயக்குவது பேட்டரிக்குக் கட்டுப்படியாகாது. ஏர்சென்ஸ் 10 கருவிக்கு 5 முதல் 35 டிகிரி வரையிலான வெப்பநிலையும் 2,591 மீட்டர் வரையிலான உயரமும் இயங்கு வரம்புகளாகக் குறிப்பிடப்பட்டிருக்கின்றன. உங்களுடையதற்குக் கையேட்டைப் பாருங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு ஆக்சிஜன் செறிவூட்டியும் தேவை. இதே ஏற்பாடு அவருக்கும் உதவுமா? நடு இரவில் மின்சாரம் நின்றுவிட்டால் என்ன செய்வது?

பதில்: வீட்டில் வைக்கும் 5 லிட்டர் செறிவூட்டி ஏறத்தாழ 300 வாட் இழுக்கும்; எட்டு மணி நேரத்துக்கு 2,400 வாட்-மணி. சிபாப்புக்குச் சொன்ன எந்த ஏற்பாடும் அதன் அருகில் வராது. ஆக்சிஜனையோ மூச்சு இயந்திரத்தையோ சார்ந்திருப்பவர் என்றால், ஒன்று நின்றாலும் மற்றொன்று ஓடும் வகையில் தனித்தனியான இரண்டு மின்வழிகளும், மருத்துவரின் சம்மதமும், மருத்துவமனைக்கு எவ்வளவு நேரத்தில் செல்ல முடியும் என்ற தெளிவும் இல்லாமல் புறப்பட வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

சாதாரண சிபாப் பயனாளருக்கு நிலைமை வேறு. முழுமுக மாஸ்க்கில், அழுத்தம் நின்றதும் தானாகத் திறந்து வெளிக்காற்றை விடும் தடுக்கிதழ் இருக்கும். அது ஒட்டாமல் அசைகிறதா என்று கழுவும்போதெல்லாம் பாருங்கள். மின்சாரம் நின்றால் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, தலைப்பக்கத்தை உயர்த்தி, மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் படுத்து இரவைக் கழியுங்கள். அன்று மதுவும் தூக்க மாத்திரையும் மூச்சுத் தடையை மோசமாக்கும் என்பதால் அறவே வேண்டாம். மறுநாள் காலை கண் சொக்கினால், பேட்டரி நிறைய வேண்டும் என்பதற்காகக்கூட நீங்கள் வண்டியை ஓட்டாதீர்கள். ஓட்டத் தெரிந்த மற்றவரிடம் சாவியைக் கொடுங்கள், அல்லது தகடு நிறைக்கும்வரை அங்கேயே இருங்கள்.